கடலுக்கு வயது எழுதும் முன்: கையேட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கடல் வரலாற்றுக் கையேட்டின் தொகுப்புக் குழுவினருக்கு,

எங்கள் கடலோரப் பள்ளிகளுக்கு நீங்கள் இலவசமாக அனுப்பிய மாணவர் கையேடு, முதல் பதிப்பில் இருந்த பிழைகளோடு அப்படியே மறுபடியும் அச்சுக்குப் போகிறது என்று தெரிந்ததால் இதை எழுதுகிறேன். முதல் பதிப்பு கைக்கு வந்தபோதே பிழைகளைப் பக்கம் பக்கமாகக் குறித்து உங்களுக்கு அனுப்பினேன். புவியியல் கற்பிக்கும் வேறு சில ஆசிரியர்களும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். உங்களிடமிருந்து வந்த பதில் சில வரிகள்தான்: எல்லாத் தகவல்களும் ஏற்கெனவே வெளியான மூலங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. மாறுபட்ட கருத்துகள் அனைத்துக்கும் சம இடம் தருவது குழுவின் கொள்கை. எது சரி என்று மாணவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

அந்தக் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும் என்று நீங்கள் விட்டுவைத்திருப்பவை என்னென்ன தெரியுமா? ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் இருக்கும், ராமர் பாலம் எனப்படும் மணல்திட்டு வரிசைக்கு 17 லட்சம் ஆண்டு வயது என்று நாசா கண்டுபிடித்ததாக ஒரு பக்கம் சொல்கிறது. அடுத்த தாளைத் திருப்பினால், 7,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே கடலே இல்லை, நடந்து போகலாம் என்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி, 1480ஆம் ஆண்டில் அடித்த புயலில்தான் நிலத்தொடர்பு அறுந்தது என்கிறது. மூன்றும் ஒரே எழுத்தளவில், ஒரே உறுதியோடு, எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பில்லாமல் இருக்கின்றன. என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், பரீட்சையில் எந்த வருஷத்தை எழுதணும்?" என்று கேட்டாள். அவளுடைய அப்பா வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், மீன்பிடித் தொழில் செய்பவர். அந்தத் திட்டுகளைத் தினமும் பார்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு நாம் கொடுத்த புத்தகம் இது.

சம இடம் தருவது பார்வைக்கு நியாயமாகத் தெரியும். அரசியல் கருத்திலோ, ஒரு கவிதைக்குப் பொருள் சொல்வதிலோ அப்படிச் செய்யலாம். ஒரு பாறையின் வயதை அளந்தவரும், அளந்ததைப் பற்றிச் செய்தி எழுதியவரும், அந்தச் செய்தியின் தலைப்பை மட்டும் படித்தவரும் சமமான சாட்சிகள் ஆக மாட்டார்கள். உங்கள் கையேட்டில் இந்த மூவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

நாசா விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2002ஆம் ஆண்டில் விண்வெளியிலிருந்து எடுத்த படம் ஒன்று உலகெங்கும் சுற்றியது. அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் இந்த 17 லட்சம் ஆண்டுக் கணக்கு. படம் எங்களுடையது, ஆனால் அதற்குத் தரப்படும் விளக்கம் எங்களுடையதல்ல; மேலிருந்து எடுத்த படத்தை வைத்து அந்தத் திட்டுகளின் வயதையோ தோற்றத்தையோ சொல்ல முடியாது என்று நாசா தரப்பே அப்போது தெளிவுபடுத்திவிட்டது. இதைப் புரிந்துகொள்ளப் புவியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு படம் வடிவத்தைக் காட்டும், நிறத்தைக் காட்டும். தெளிந்த நீராக இருந்தால் ஆழத்தைப் பற்றியும் ஓரளவு குறிப்புத் தரும். வயது வேண்டுமென்றால் அங்கே போய்த் துளையிட்டு, மணலையோ பவளத்தையோ எடுத்து வந்து ஆய்வகத்தில் அளக்க வேண்டும். யார் அளந்தார்கள், எதை அளந்தார்கள் என்று ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் அந்தப் பக்கம் அச்சேறியிருக்காது.

1480 புயலும் அப்படியே. கோயில் ஆவணங்கள் சொல்வதாக ஊரெல்லாம் எழுதுகிறார்கள். எந்தக் கோயில், எந்தக் கல்வெட்டு, எந்த ஓலை, அதில் இருக்கும் வாசகம் என்ன என்று நான் படித்த எந்தக் கட்டுரையும் காட்டவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். நூறு பேர் எழுதிவிட்டதால் நூறு மூலங்கள் ஆகிவிடாது. எல்லாரும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருந்தால் அது ஒரே மூலம்தான். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலை இதோடு வைத்துப் பாருங்கள். ரயில்வே பதிவு இருக்கிறது, வானிலைப் பதிவு இருக்கிறது, படங்கள் இருக்கின்றன, தப்பிப் பிழைத்தவர்களின் வாய்மொழி இருக்கிறது, இடிந்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்த இத்தனை சாட்சிகள் ஒரே நிகழ்ச்சியைச் சொல்கின்றன. உங்கள் கையேட்டில் 1480க்கு ஒரு பத்தி, 1964க்கும் ஒரு பத்தி.

இப்போது 'கண்டம் கண்டுபிடிக்கப்பட்டது' என்று நீங்கள் பெட்டி கட்டிப் போட்டிருக்கும் செய்திக்கு வருகிறேன். கையேட்டில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த பகுதி அதுதான். அதன் மூலக் கட்டுரைகள் உண்மையிலேயே அருமையானவை. நீங்கள் அவற்றைத் திறந்து பார்க்காமல், நாளிதழ்த் தலைப்போடு நின்றுவிட்டீர்கள்.

நடந்தது இதுதான். மொரீஷியஸ் தீவு எரிமலையால் உருவானது; அதன் பாறைகளில் பழையவைகூட ஒரு கோடி ஆண்டை ஒட்டியவைதான். 2013இல் டோர்ஸ்விக் என்ற புவியியலாளர் தலைமையிலான குழு ஒன்று அந்தத் தீவின் கடற்கரை மணலில் சிர்க்கான் என்ற மிகச் சிறிய படிகங்களைக் கண்டது. அவற்றின் வயது 66 கோடி ஆண்டுகளிலிருந்து கிட்டத்தட்ட 200 கோடி ஆண்டுகள் வரை போனது. சிர்க்கான் பெரும்பாலும் கிரானைட் போன்ற கண்டப் பாறைகளில் உண்டாவது. கடலடி எரிமலைப் பாறையில் அது அரிது. ஆகவே தீவுக்கு அடியில் ஒரு பழைய கண்டத்தின் துண்டு புதைந்திருக்கலாம், எரிமலைக் குழம்பு மேலே வரும்போது இந்தப் படிகங்களையும் தூக்கி வந்திருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள்.

உடனே மறுப்பு வந்தது. கடற்கரை மணலாயிற்றே, காற்று கொண்டுவந்திருக்கலாம், கப்பலில் ஏற்றிவந்த மண்ணிலிருந்து விழுந்திருக்கலாம், ஆய்வுக் கருவியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். நியாயமான கேள்விகள். அதற்குப் பதில் 2017இல் வந்தது. ஆஷ்வால் என்ற புவியியலாளரும் அவருடைய குழுவினரும் மணலை விட்டுவிட்டு, தீவின் ட்ரக்கைட் என்ற எரிமலைப் பாறையையே உடைத்து, அதற்குள்ளிருந்து சிர்க்கானை எடுத்தார்கள். பாறைக்கு வயது சுமார் 60 லட்சம் ஆண்டு. உள்ளே இருந்த படிகத்துக்கு 300 கோடி ஆண்டு வரை. பாறைக்குள் இருப்பதைக் காற்றும் கப்பலும் கொண்டுவந்திருக்க முடியாது. நம்பகம் என்று நான் சொல்வது இதைத்தான். ஒருவர் சொன்னதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று இன்னொருவர் காட்டுகிறார், ஓட்டையை அடைக்க அடுத்த ஆய்வு புதிய சான்றோடு வருகிறது.

சரி, புதைந்த அந்தக் கண்டத் துண்டுக்குக் கட்டுரைகள் தரும் பெயர் 'மொரீஷியா'. அது எப்போது பிரிந்தது? இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்துகொண்டிருந்த காலத்தில், 6 கோடி முதல் 8 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது டைனோசர்கள் இருந்தன அல்லது அழிந்துகொண்டிருந்தன. மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுதான். கட்டுரை சொல்வது எரிமலைக்கு அடியில் புதைந்த துண்டுகளைப் பற்றி. உங்கள் பெட்டிச் செய்தி சொல்வதோ, தமிழர் வாழ்ந்த கண்டத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் கோடிக்கணக்கான ஆண்டுகள். இத்தனைக்கும் 2017 கட்டுரை யாரும் காசு கொடுக்காமல் முழுதும் படிக்கக்கூடிய இதழில் வந்தது.

இந்தியப் பெருங்கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் லெமூரியாக் கண்டம் என்ற கருத்தையே நான் வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் குழுவில் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் கோபப்பட்டார். பெரிய தமிழறிஞர்கள் எழுதியதை நீங்கள் பொய் என்கிறீர்களா என்றார். இல்லை. 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரில் நிறைந்திருக்கும் லெமூர் இனத்தின் உறவு விலங்குகள் இந்தியாவிலும் இருப்பதைப் பார்த்து, நடுவே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். கண்டங்கள் நகரும் என்று யாரும் ஒப்புக்கொள்ளாத காலம் அது. நிலம் நகராது என்றால், மூழ்கத்தான் வேண்டும். அன்று அது பொறுப்பான ஊகம். அதைப் பாடநூல்களில் படித்துவிட்டு நம் புலவர்கள் சங்க இலக்கியத்தின் கடல்கோளோடு பொருத்திப் பார்த்ததிலும் தவறில்லை. அவர்கள் தங்கள் காலத்து அறிவியலைத்தான் எடுத்தாண்டார்கள்.

ஆனால் அறிவியல் அங்கேயே நின்றுவிடவில்லை. வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் முதலில் அந்தக் கருத்தை ஏற்று, பிறகு 1880க்குள் கைவிட்டுவிட்டார். வெக்னர் என்ற அறிவியலாளர் 1912இல் கண்டங்கள் நகர்கின்றன என்றார். அரை நூற்றாண்டு கழித்து, கடலடி மலைத்தொடர்களை அளந்து, அவற்றின் இருபுறமும் பாறைகளின் காந்தப் பட்டைகள் ஒன்றுபோல் அமைந்திருப்பதைப் பார்த்த பிறகு, புவித்தட்டுக் கொள்கை நிலைபெற்றது. 1972 வாக்கில் க்ளோமார் சேலஞ்சர் என்ற துளையிடும் கப்பல் இந்தியப் பெருங்கடலின் பல இடங்களில் அடித்தளத்தைத் துளைத்து மாதிரி எடுத்தது. ஆழ்கடல் தளத்தின் பெரும்பகுதி பசால்ட் என்ற எரிமலைப் பாறை; கண்டப் பாறையைவிட மெல்லியது, கனமானது, வயதில் இளையது. அங்கே ஒரு முழுக் கண்டம் மூழ்கிக் கிடக்க இடமே இல்லை. ஆகவே 1864இன் கட்டுரை இன்று கடலின் வரலாற்றுக்கு மூலம் ஆகாது. அறிவியல் எப்படி வளர்ந்தது என்ற வரலாற்றுக்கு நல்ல மூலம். உங்கள் கையேடு அதை இன்றைய கண்டுபிடிப்பைப் போல, வெளியான ஆண்டுகூடக் குறிப்பிடாமல் சொல்கிறது.

நடுப்பக்க வரைபடத்தைப் பற்றிக் கேட்டாக வேண்டும். குமரிமுனைக்குத் தெற்கே பெரிய நிலப்பரப்பு, அதில் மலைகள், பஃறுளி, குமரி என்று ஆறுகள், நாடுகளின் பெயர்கள் எல்லாம் வண்ணத்தில் இருக்கின்றன. இதை வரைந்தவர் யார், எந்த ஆண்டு வரைந்தார், எந்த அளவை கையில் வைத்துக்கொண்டு வரைந்தார்? ஒன்றுமில்லை. பிள்ளைகள் வரைபடம் என்றால் யாரோ அளந்து போட்டது என்று நம்புவார்கள். அந்த நம்பிக்கையை ஏற்படுத்தியவர்களே நாம், வகுப்பறையில்.

அதே பக்கத்தில் நிலத்தின் நீளம் 7,000 மைல் என்று இருக்கிறது. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், பஃறுளிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட நிலம் எழுநூறு காவதம் என்றார். காவதம் என்பது பழைய தூர அளவு. காவதத்துக்குப் பத்து மைல் என்று யாரோ பெருக்கிவிட்டார்கள். குமரிமுனை இருப்பது வடக்கே 8 பாகையில். அங்கிருந்து தென்துருவம் 98 பாகை. மைலில் சொன்னால் ஏறத்தாழ 6,800. உங்கள் நிலம் அண்டார்க்டிகாவைக் கடந்து, துருவத்தையும் தாண்டி மறுபக்கம் போகிறது. ஒரு உலக உருண்டையும் ஒரு நூலும் போதும் இதைச் சரிபார்க்க. உரையாசிரியரைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. அவர் ஒரு மரபைப் பதிவு செய்தார். மரபின் அளவை நில அளவையாக மாற்றியது பின்னால் வந்தவர்கள்.

இலக்கியத்தை ஒதுக்கிவிடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. "பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள" என்ற சிலப்பதிகார அடிகளை நான் வகுப்பில் சொல்லாத ஆண்டில்லை. கலித்தொகையிலும் கடல் நிலத்தை வவ்வியதையும், இழந்த பாண்டியன் வேறு நிலம் தேடியதையும் பாடியிருக்கிறார்கள். இந்தப் பாடல்கள் நமக்கு ஒரு செய்தியைத் தருகின்றன: தென்பாண்டி நாட்டு மக்களுக்குக் கடல் நிலத்தை எடுத்துக்கொண்டது என்ற அழுத்தமான நினைவு இருந்தது. அதற்கு இவை முதல்தரமான சாட்சி. எவ்வளவு நிலம், எந்த ஆண்டு, எந்தக் காரணத்தால் என்ற கேள்விகளுக்கு இவை சாட்சி சொல்ல வரவில்லை. நாம்தான் இழுத்து வந்து கூண்டில் ஏற்றுகிறோம். இறையனார் களவியல் உரை முச்சங்கங்களுக்குத் தரும் 4440, 3700, 1850 என்ற ஆண்டுக்கணக்கைப் பாருங்கள். மூன்றும் 37ஆல் மீதமின்றி வகுபடும்: 120 மடங்கு, 100 மடங்கு, 50 மடங்கு. நடந்த காலத்தை எண்ணி எழுதிய எண்கள் இவ்வளவு ஒழுங்காக அமைவது மிக அரிது. உரையின் கணக்குக்கு ஏதோ ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இலக்கிய அறிஞர்கள் ஆராயட்டும். அதை எடுத்துக் கடல்மட்ட அட்டவணையில் நீங்கள் ஒட்டியிருக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், உண்மையில் தெரிந்திருப்பது கையேட்டில் இருப்பதைவிட எவ்வளவோ பெரிது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. நீரெல்லாம் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனிப்பாளங்களாக உறைந்து கிடந்தது. நம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, பெரும்பாலும் 13 மீட்டருக்கும் குறைவான ஆழம். ஆகவே அது முழுக்க நிலம். இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தோணி வேண்டியதில்லை. குமரிக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்று மீனவர்கள் தேடிப் போகும் மேட்டுப் பகுதியும், தூத்துக்குடிக் கரையோரத்து முத்துப் பார்களும் அன்று வெயில் பட்ட தரையாக இருந்திருக்கும். கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தரையான கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டினால் கடல் சட்டென்று ஆயிரக்கணக்கான மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. 120 மீட்டர் இறங்கினாலும் அங்கே கடல் கடல்தான். ஆக, இழந்த நிலத்தின் எல்லையை யாரும் கற்பனையில் வரைய வேண்டியதில்லை. ஆழ வரைபடத்தில் 120 மீட்டர் கோட்டைப் பிடித்தால் போதும், கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். உலகக் கடல்களின் ஆழத் தரவு எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. நடுப்பக்கத்தில் நீங்கள் போட வேண்டிய வரைபடம் அதுதான்.

பனி உருகிக் கடல் ஏறியது. 120 மீட்டர் ஏற ஏறத்தாழ 13,000 ஆண்டுகள். சராசரியாக ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இடையில் வேகமான காலங்களும் உண்டு. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன் சில நூற்றாண்டுகளுக்குள் பத்து மீட்டருக்கும் மேல் ஏறியது. ஆனால் ஒரே இரவில் நாட்டை விழுங்கவில்லை. உங்கள் கையேடு இதையும் 2004 சுனாமியையும் ஒரே தலைப்பில் சேர்த்திருக்கிறது. அந்த டிசம்பர் 26ஐப் பார்த்த கரையோர மக்களிடம் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்: அலை உயிர்களைக் கொண்டுபோனது, தண்ணீர் திரும்பிப் போனது, நிலம் இருந்த இடத்தில் பெரும்பாலும் இருந்தது. கடல்மட்டம் ஏறுவது வேறு. அது ஏறினால் திரும்பாது. தட்டையான தரையில் ஒரு சென்டிமீட்டர் ஏறினாலே கரை பல மீட்டர் உள்ளே வந்துவிடும். தாத்தா உழுத இடத்தில் பேரன் வலை வீசியிருப்பான். பாடல்களில் இருக்கும் நினைவு இப்படியும் உண்டாகியிருக்கலாம். இது என் ஊகம். ஊகம் என்று சொல்லித்தான் வகுப்பிலும் சொல்வேன்.

இதிலும் எல்லாம் ஒரே உறுதியில் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 20,000 ஆண்டுக் கணக்கு உலகின் பல இடங்களில் பவளத்தையும் கடலடிச் சேற்றையும் அளந்து பெற்றது, உறுதியானது. பாக் விரிகுடாவில் கடைசியாக நீர் புகுந்தது ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் என்பது, உலகக் கடல்மட்டக் கணக்கை நம் ஊர் ஆழத்தோடு பொருத்திப் பெற்றது. அங்கே மணல் சேர்ந்திருக்கலாம், அரித்திருக்கலாம், தரையே சற்று ஏறியிறங்கியிருக்கலாம். ஆகவே அதில் 'ஏறத்தாழ' என்ற சொல்லுக்கு நிறைய வேலை இருக்கிறது. ராமேஸ்வரம் கரையில் நீருக்கு மேலே நிற்கும் பழைய பவளப்பாறைகளை ஸ்டாடார்ட், கோபிநாத பிள்ளை என்ற ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1972இல் எழுதினார்கள். ரேடியோகார்பன் முறையில் சுமார் 4,000 ஆண்டு வயது வந்தது. பவளம் நீருக்குள்தான் வளரும். அது இன்று மேலே நிற்கிறது என்றால் அன்று கடல் இன்றைக்கு இருப்பதைவிடச் சற்று உயரமாக இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தரை உயர்ந்திருக்க வேண்டும். கடல் ஏறிக்கொண்டே வந்தது என்று ஒற்றை வரியில் முடித்திருக்கிறீர்கள். மாணவர்கள் பள்ளி விட்டு நடந்து போனால் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று வேறு கதை சொல்கிறது.

எதற்கு வயது அளந்தார்கள் என்பதைக் கவனிக்காததால் வந்த இன்னொரு பிழை பூம்புகார் பக்கத்தில் இருக்கிறது. தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1990களின் தொடக்கத்தில் அங்கே கரைக்கு அப்பால் 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவ அமைப்பு ஒன்றைக் கண்டார்கள். கடல்மட்டக் கணக்குப்படி அந்த இடம் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மூழ்கியிருக்கும். உடனே 11,000 ஆண்டு பழைய நகரம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆழம் சொல்வது தரை மூழ்கிய காலத்தை. அந்த அமைப்பு மனிதர் கட்டியதா, இயற்கையாக அமைந்ததா என்பதை ஆழம் சொல்லாது. அதே பூம்புகாரில், கீழையூரில் தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையில் ஒரு மரக்கம்பம் கிடைத்தது. அந்த மரத்தையே அளந்து கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் என்றார்கள். மனிதர் கட்டியது என்பதிலும் ஐயமில்லை, அளந்த பொருளும் அந்தக் கட்டுமானத்தைச் சேர்ந்தது. உங்கள் கையேட்டில் படகுத்துறைக்கு ஒரு வரிகூட இல்லை.

மீனவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எந்த இடத்தில் எத்தனை பாகம் ஆழம், எங்கே பார், எங்கே சேறு, நீரோட்டம் எந்த மாதத்தில் எப்படித் திரும்பும், எந்தத் திட்டு போன காற்றில் கரைந்து எங்கே புதிதாக எழும்பியது என்பதெல்லாம் இந்த ஊர்களில் தலைமுறையாகத் தெரியும். கடலடியின் இன்றைய வடிவத்துக்கு அவர்கள் மிக நல்ல மூலம். பல இடங்களில் அச்சிட்ட வரைபடத்தைவிட நுணுக்கமாகச் சொல்வார்கள். அவர்கள் யாரிடமும் உங்கள் குழு பேசவில்லை. கையேட்டைப் பார்த்த ஒரு பெரியவர், "திட்டு இடம் மாறுதுன்னு எழுதலையேம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். 17 லட்சம் ஆண்டு அசையாமல் நின்ற பாலம் என்ற கருத்துக்கு இதைவிட நேரான மறுப்பு எந்த ஆய்விதழிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை. இரண்டாம் பதிப்பை இப்போதிருக்கும் வடிவத்தில் அச்சிடுவதை நிறுத்துங்கள். கையேட்டில் வரும் ஒவ்வொரு வயதுக்கும் பக்கத்திலேயே, அளந்த பொருள் எது, எந்த முறையில், யார், எந்த ஆண்டில் அளந்தார்கள் என்று எழுதுங்கள். இந்த நான்கும் தெரியாத எண்களை எடுத்துவிடுங்கள். நாளிதழ்ச் செய்தியை வைத்து எழுதிய பகுதிகளுக்கு மூலக் கட்டுரையைத் தேடிப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். நடுப்பக்க வரைபடத்தை வைத்திருக்க விரும்பினால், வரைந்தவர், ஆண்டு, எதை வைத்து வரைந்தது என்பதை அதன் கீழேயே அச்சிட்டு, எதிர்ப்பக்கத்தில் ஆழத் தரவை வைத்து வரைந்த கடல்மட்ட வரைபடத்தைப் போடுங்கள்.

கடல்கோள் பாடல்களுக்குத் தனி இயல் கொடுங்கள். பாட்டின் காலம், உரையின் காலம் இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். அச்சுக்குப் போகுமுன் புவியியல் படித்த ஒருவரும், சங்க இலக்கியம் கற்ற ஒருவரும், இந்தக் கரையில் தொழில் செய்யும் ஒருவரும் முழுப் பிரதியையும் பார்க்க வேண்டும். அவர்கள் சொல்லும் திருத்தத்தை ஏற்கவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முதல் பதிப்பு போன எல்லாப் பள்ளிகளுக்கும் திருத்தத் தாள் ஒன்றை அனுப்புங்கள். அது ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் வர வேண்டும். பழைய பிரதிகள் புதிய மாணவர்கள் கைக்கு அப்போதுதான் போகும். இந்த மடலுக்கும் பொதுவிலேயே பதில் எழுதுங்கள். நாங்கள் சுட்டிக்காட்டியவற்றில் எது தவறு என்று ஆதாரத்தோடு காட்டினால் அதையும் பிள்ளைகளிடம் சொல்லிக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கடலோரப் பள்ளி ஒன்றின் புவியியல் ஆசிரியை